மாயா விரிகுடாவில் ஒரு நாள்: முதல் முறை போகிறவர்களுக்கு

தாய்லாந்தின் மாயா விரிகுடாவுக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது இது: அங்கே நீந்த முடியாது. முழங்கால் அளவுத் தண்ணீர் வரை இறங்கலாம், அதற்கு மேல் விடமாட்டார்கள். போட்டோவில் பார்த்த பச்சைத் தண்ணீரில் குதிக்கலாம் என்ற நினைப்பில் குடும்பத்தோடு போய், முகம் வாடித் திரும்புகிறவர்கள் நிறைய. முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் அந்த ஏமாற்றம் இல்லை. ஏனென்றால் அதே தீவில் நீந்துவதற்குப் பிலே என்ற இடமும், மீன் பார்ப்பதற்கு லோ சமா என்ற இடமும் இருக்கின்றன. மாயா, கரையில் நின்று பார்ப்பதற்கான இடம். இந்த மூன்றையும் எந்த வரிசையில், எந்த நேரத்தில் பார்ப்பது என்பதைச் சரியாக அமைத்துக்கொண்டால் அந்த நாள் அருமையாக அமையும். கட்டுரை முழுக்க அதற்குத்தான்.

தீவின் பெயர் ஃபிஃபி லே. அந்தமான் கடலில், புக்கெட்டுக்கும் கிராபிக்கும் இடையே இருக்கிறது. இரண்டிலிருந்தும் ஏறக்குறைய 40, 45 கிலோமீட்டர். செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகளால் ஆன தீவு. ஊர் கிடையாது, ஓட்டல் கிடையாது, இரவு தங்கவும் அனுமதி இல்லை. அதற்குச் சற்று வடக்கே இருக்கும் ஃபிஃபி டான் தீவில்தான் மக்கள், கடைகள், விடுதிகள், படகுத்துறை எல்லாம். இரண்டும் சேர்ந்து 1983இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு

2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு ஹாலிவுட் படம் மாயாவின் மணலில் எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு உலகமே அங்கே வரத் தொடங்கியது. மூன்று பக்கமும் பாறைச் சுவர் எழுந்து நிற்கும் அந்தச் சின்னக் கரைக்கு ஒரு நாளில் ஐயாயிரம் பேர் வரை வந்த காலம் உண்டு. விரைவுப் படகுகள் நேராக மணலில் வந்து முட்டி நின்றன. நங்கூரமும் படகுச் சுழலியும் பவளப்பாறையை நொறுக்கின. மிச்சமிருந்ததை ஆட்களின் காலடியும் உடம்பில் பூசிய வெயில் களிம்பும் நாசமாக்கின.

2018 ஜூன் 1 அன்று தாய்லாந்து அரசு கரையை மூடியது. நான்கு மாதத்துக்கு என்று சொல்லித்தான் மூடினார்கள். பிறகு அது போதாது என்று தெரிந்து, திறப்பைத் தள்ளிப்போட்டார்கள். 2022 ஜனவரி 1 அன்றுதான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆயிரக்கணக்கான பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டு வளர்த்தார்கள். துடுப்பின் நுனி கறுத்திருக்கும் சின்ன வகைச் சுறாக்கள் விரிகுடாவுக்குத் திரும்பி வந்தன. ஆழமில்லாத அந்தத் தண்ணீர்தான் அவற்றின் குட்டிகள் வளரும் இடம். நம்மை முழங்காலோடு நிறுத்துவது அதற்காகத்தான். சுற்றுலாவில் கோடிக்கணக்கில் வருமானம் தந்த இடத்தை மூன்றரை வருடம் பூட்டி வைக்கத் துணிந்தார்களே, அதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். அந்த விதியை மனதாரக் கடைப்பிடிப்பதுதான் போகிறவர் செய்யக்கூடிய முதல் மரியாதை.

இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழைவதில்லை. தீவின் பின்பக்கம் லோ சமாவில் உள்ள மிதவைத் துறையில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து மரப்பலகைப் பாதையில் சில நிமிடம் நடந்து மாயாவின் மணலுக்கு வர வேண்டும். திறந்தபோது ஒரு சுற்றுக்கு 375 பேர், ஒரு மணி நேரம் என்று அளவு வைத்தார்கள். எண்ணிக்கையும் நேரமும் அவ்வப்போது மாறலாம், அளவு வைப்பது என்ற முறை தொடர்கிறது.

எந்த மாதம் போவது

நம்மூர்க் குடும்பங்கள் தடுமாறும் இடம் இதுதான். நமக்கு நீண்ட விடுமுறை மே மாதம். அந்தமான் கடலின் இந்தப் பக்கத்திலோ மே நடுவிலிருந்து அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. நமக்குக் குற்றாலச் சீசன் கொண்டுவரும் அதே காற்றுதான் அங்கே கடலைப் புரட்டிப் போடுகிறது. எல்லா நாளும் புயல் அடிக்கும் என்று இல்லை. காலையில் வெயில் அடித்து, மதியம் அலை எழும்பி, மாலையில் மறுபடி அமைதியாவதும் நடக்கும். ஆனால் அதை நம்பிப் பயணத் திட்டம் போட முடியாது.

காலாண்டு விடுமுறையும் ஒத்துவராது. 2022 முதல் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் மாயாவுக்கு ஓய்வு கொடுத்து மூடிவிடுகிறார்கள். அந்தச் சமயத்திலும் ‘மாயா டூர்’ என்று பேக்கேஜ் விற்பார்கள். படகு விரிகுடாவின் வாயிலில் நின்று, தூரத்திலிருந்து காட்டிவிட்டுத் திரும்பும். பணம் கட்டுவதற்கு முன் “கரையில் இறங்குவோமா?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

நல்ல காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அரையாண்டு விடுமுறையில் போனால் கடல் அமைதியாக இருக்கும், கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். பொங்கல் விடுமுறையை ஒட்டி ஜனவரி நடுவில் போவதை நான் சிபாரிசு செய்வேன். புத்தாண்டுக் கூட்டம் கலைந்திருக்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும், வெயிலும் தாங்கும். ஏப்ரலில் கடல் நன்றாக இருந்தாலும் வெயில் கொளுத்தும். 13 முதல் 15 வரை அவர்களுடைய சோங்க்ரான் புத்தாண்டு என்பதால் நாடே பயணத்தில் இருக்கும்.

எந்த மாதமானாலும் வானிலை எச்சரிக்கை இருக்கும் நாளில் படகு ஏறாதீர்கள். 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே புயலலையில் ஒரு சுற்றுலாப் படகு மூழ்கி 47 பேர் இறந்தார்கள். கடலுக்குப் போகவேண்டாம் என்ற எச்சரிக்கை அன்று இருந்தது. கட்டிய பணம் போனால் போகட்டும்.

எங்கே தங்கிக் கிளம்புவது

மூன்று வழி இருக்கிறது. புக்கெட்டில் தங்கி விரைவுப் படகில் போய் அன்றே திரும்பலாம். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். கிராபிப் பக்கம் ஆவ் நாங்கில் தங்கியும் இதே போலப் போய்வரலாம். மூன்றாவது, பெரிய படகில் ஃபிஃபி டானுக்கே போய் ஒரு இரவு தங்கி, மறுநாள் காலை அங்கிருந்து சின்னப் படகு பிடிப்பது.

நேரம் இருப்பவர்கள் மூன்றாவதைத்தான் எடுக்க வேண்டும். காரணம் எளிது. புக்கெட், கிராபிப் படகுகள் பெரும்பாலும் காலை எட்டரை, ஒன்பதுக்குக் கிளம்பி, பத்து மணி வாக்கில் மொத்தமாக வந்து சேரும். பத்திலிருந்து மதியம் இரண்டு வரை மாயா திருவிழாக் கூட்டமாக இருக்கும். ஃபிஃபி டானில் தங்கியவர் கரை திறக்கும் வேளைக்கே போய் நின்றுவிடலாம். அந்த நேரத்தில் மணலில் ஆள் குறைவு, பாறைச் சுவர்களில் மெதுவாக வெளிச்சம் இறங்கும், சுறாக் குட்டிகளும் கரையோரம் வரும். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் புக்கெட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் படகுகள் உண்டு. அவற்றைத் தேடிப் பிடியுங்கள்.

புக்கெட்டின் ரசாடா துறையிலிருந்து ஃபிஃபி டானின் டோன்சாய் துறைக்குப் பெரிய படகில் சுமார் இரண்டு மணி நேரம். கிராபியிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஃபிஃபி டானில் கார், ஆட்டோ எதுவும் கிடையாது. பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்து விடுதிக்குக் கொண்டுபோவார்கள். அதனால் சின்னப் பையாகக் கொண்டுபோங்கள், பெரிய பெட்டியைப் புக்கெட் ஓட்டலிலேயே விட்டுவிடலாம். தீவில் ஏடிஎம் உண்டு, ஆனால் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 200 பாத்துக்கு மேல் கட்டணம் பிடிக்கும். படகுக்காரர்களுக்கு ரொக்கம்தான் வசதி என்பதால் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

டோன்சாய் இருப்பது இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய மணல் திட்டில். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தையும் கடலூரையும் தாக்கிய அதே சுனாமி, இந்தத் திட்டின் இரண்டு பக்கமும் ஏறி ஊரைத் துடைத்தெடுத்தது. தெருக்களில் மேட்டுக்குப் போகும் வழியைக் காட்டும் பலகைகள் இருக்கும். விடுதிக்குப் போனதும் உங்களுக்கு மிக அருகில் இருக்கும் பலகையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட வேலை.

விசா விதி மாறிக்கொண்டே இருப்பது, கிளம்பும் மாதத்தில் பாருங்கள். 2025 மே முதல் எல்லா வெளிநாட்டவரும் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். விமானம் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம், கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

படகு பேசுவது

ஃபிஃபி டானில் கிடைக்கும் சின்னப் படகு, நீளவால் படகு எனப்படும் மரப்படகு. பின்னால் ஒரு பெரிய எஞ்சின், அதிலிருந்து நீளமான தண்டு, தண்டின் முனையில் சுழலி. சத்தம் காதைத் துளைக்கும், கைக்குழந்தை இருந்தால் காதுக்குப் பஞ்சு தேவை. வேகம் குறைவு, தண்ணீர் தெறிக்கும். ஆனால் ஃபிஃபி லே அங்கிருந்து அரை மணி நேரத்துக்குள்தான் என்பதால் இதுவே போதும். நாம் சொன்ன இடத்தில், சொன்ன நேரம் நிற்கும் என்பதுதான் இதன் பெரிய வசதி.

முந்தைய நாள் மாலையே துறைக்குப் போய்ப் பேசி முடியுங்கள். மூன்று மணி நேரத்துக்கு, படகு மொத்தத்துக்கும் சேர்த்து, 1,500 முதல் 2,500 பாத் வரை கேட்பார்கள். சீசனைப் பொறுத்து மேலே கீழே போகும். நான்கைந்து பேர் சேர்ந்தால் ஆளுக்கு அதிகம் வராது. மூன்று மணி நேரம் அவசரமாக இருக்கும், நான்கு மணி நேரத்துக்குப் பேசுங்கள். பேசும்போது இவற்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: என்னென்ன இடங்கள், எத்தனை மணிக்குக் கிளம்புவது, முகமூடிக் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் தருவார்களா, குழந்தைக்கு அளவான லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு “இருக்கிறது” என்ற பதில் போதாது, கண்ணால் பாருங்கள். பெரியவர் ஜாக்கெட் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தலைவழியே கழன்றுவிடும்.

பூங்கா நுழைவுக் கட்டணம் தனி. வெளிநாட்டவருக்குப் பெரியவர் 400 பாத், சிறுவர் 200 பாத் என்று இருந்து வருகிறது. புக்கெட் பேக்கேஜ் எடுத்தால் விலைக்குள் இது சேர்ந்ததா என்று கேளுங்கள். மலிவாகத் தெரியும் பல பேக்கேஜ்கள் இதைச் சேர்க்காதவை. சீட்டைப் பத்திரமாக வையுங்கள், அன்றே பூங்காவின் வேறு தீவில் இறங்கினால் காட்ட வேண்டியிருக்கும்.

படகின் முன்முனையில், நம் மீனவர்கள் அணியம் என்று சொல்கிற இடத்தில், வண்ணத் துணியும் பூமாலையும் கட்டியிருப்பார்கள். அது படகைக் காக்கும் தெய்வத்துக்கு. நம் கடற்கரைப் படகுகளுக்குப் பூச்சூட்டிப் பொட்டு வைப்பது போலத்தான். அதன்மேல் உட்காராதீர்கள், காலை வைக்காதீர்கள், போட்டோவுக்காக இழுக்காதீர்கள்.

விரைவுப் படகில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முன்பக்க இருக்கை பார்க்க அழகாக இருக்கும், அலையில் தூக்கிப் போடும்போது முதுகெலும்பு தாங்காது. முதுகுவலி உள்ளவர்களும் வயதானவர்களும் பின்பக்கம் உட்காருங்கள். கர்ப்பிணிகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை, அது நியாயமும்கூட.

முந்தைய இரவு பையில் என்ன

உடையைப் பற்றி முதலில். பருத்திச் சுடிதாரும் ஜீன்ஸும் நனைந்தால் கனத்துக் காலைக் கட்டும், காயவும் காயாது. முழுக்கை நைலான் நீச்சல் சட்டையும் லெகிங்ஸ் போன்ற கால்சட்டையும் ஆண், பெண் இருவருக்கும் நல்லது. உடம்பை மறைக்கும், வெயிலும் சுடாது, பவளம் உரசினாலும் தோல் கிழியாது. உடம்பு மூடியிருந்தால் வெயில் களிம்பும் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் போதும்.

களிம்பு விஷயத்தில் கவனம் வேண்டும். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட், 4-மெத்தில்பென்சிலிடீன் கேம்ஃபர், பியூட்டில் பாரபென் ஆகிய நான்கில் எது இருந்தாலும் அந்தக் களிம்பைத் தாய்லாந்தின் கடல் தேசியப் பூங்காக்களில் பயன்படுத்தக் கூடாது. 2021 முதல் தடை, அபராதம் ஒரு லட்சம் பாத் வரை போகலாம். ஊரிலிருந்து வாங்கிப் போகும் டியூபின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். துத்தநாக ஆக்ஸைடு அடிப்படையில் செய்து, இந்த நான்கும் இல்லாதது என்றால் பயமில்லை.

குமட்டல் வரும் உடம்பு என்றால் மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. அரை மணி, ஒரு மணி முன்னால் போட வேண்டும். எது சரி என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், குழந்தைக்கு அளவு வேறு. வெறும் வயிற்றிலும் ஏறக்கூடாது, வயிறு முட்டவும் சாப்பிடக்கூடாது. இரண்டு இட்லி அளவு காலை உணவு போதும், அங்கே இட்லி கிடைக்காவிட்டாலும் ரொட்டியும் வாழைப்பழமும் கிடைக்கும்.

மற்றபடி தொப்பி, துண்டு, மாற்றுடை, நீர்புகாப் பை, செல்போனுக்குக் கழுத்தில் மாட்டும் உறை, குடிதண்ணீர். தேசியப் பூங்காக்களில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டிலும், கொறிக்க முறுக்கோ கடலை மிட்டாயோ கொண்டுபோக ஒரு டப்பாவும் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை விடுதியில் பூட்டி வைத்துவிட்டு அதன் படத்தைச் செல்போனில் எடுத்துக்கொண்டால் போதும்.

படுக்கும் முன் நாளைய ஏற்றவற்ற நேரத்தை, அதாவது கடல் மட்டம் ஏறி இறங்கும் நேரத்தை, இணையத்தில் பாருங்கள். இந்தக் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் இரண்டு மீட்டரையும் தாண்டும். வற்றம் நன்றாக வாங்கிய நேரத்தில் பிலேயின் உட்பகுதி ஆழம் குறைந்து, படகு உள்ளே போவது சிரமம். படகோட்டிக்கு இதெல்லாம் கைரேகை போலத் தெரியும். அவரிடம் “பிலேக்கு எந்த நேரம் நல்லது?” என்று கேட்டு, அதற்கேற்ப வரிசையை மாற்றச் சொன்னால் மகிழ்ச்சியோடு மாற்றுவார்.

காலையில் முதலில் மாயா

கரை திறக்கும் நேரத்துக்கு லோ சமாவில் இறங்குமாறு கிளம்புங்கள். மிதவைத் துறை ஆடும், கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு இறங்காதீர்கள். படகு நன்றாக ஒட்டி நின்ற பிறகு, படகோட்டி கை கொடுத்த பிறகு, ஒவ்வொருவராக இறங்க வேண்டும். கிளம்பும் முன் படகின் பெயரையோ எண்ணையோ படம் எடுத்து வையுங்கள். திரும்பி வரும்போது ஒரே மாதிரி படகுகள் நிறைய நிற்கும்.

பலகைப் பாதை முடிந்து மரங்களுக்கு வெளியே வந்ததும் விரிகுடா மொத்தமும் ஒரே பார்வையில் விரியும். எல்லோரும் நடுவில் நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் கரையின் ஏதாவது ஒரு ஓரத்துக்கு நடந்து போங்கள். முழங்கால் வரை நனைந்து, அசையாமல் நின்று, தண்ணீருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் சுறாக் குட்டி ஒன்று கரையை ஒட்டி வளைந்து போவதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. உருவம் சின்னது, முதுகுத் துடுப்பின் நுனியில் கறுப்பு மை தொட்டது போல இருக்கும். பயப்பட வேண்டாம், அது நம்மைக் கண்டால் ஓடும். துரத்தாதீர்கள், எதையும் போட்டுக் கூப்பிடாதீர்கள். பூங்காவுக்குள் மீனுக்கு இரை போடுவது குற்றம். ட்ரோன் பறக்கவிட முன்அனுமதி தேவை. சிப்பி, பவளத் துண்டு, மணல் எதையும் எடுத்து வரக்கூடாது.

ஒரு மணி நேரம் தாராளம். முக்கால் மணியில் பலருக்கு மனம் நிறைந்துவிடும்.

லோ சமாவில் மீன் பார்ப்பது

நீச்சல் தெரியாதவர்களுக்கு இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் அவர்கள்தான் அதிகம், அவர்களைத்தான் படகிலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். நீச்சல் தெரியாமலும் மீன் பார்க்கலாம். லைஃப் ஜாக்கெட் உங்களை மேலே தாங்கும், மூச்சுக்குழாய் காற்று தரும். நீங்கள் செய்ய வேண்டியது முகத்தைத் தண்ணீரில் வைத்து வாயால் மெதுவாக மூச்சு விடுவது மட்டுமே. இதை முதல் முறை நடுக்கடலில் செய்து பார்க்கக் கூடாது. முந்தைய நாள் ஓட்டல் நீச்சல் குளத்திலோ இடுப்பளவு கடலிலோ கால் தரையில் ஊன்றியபடி பத்து நிமிடம் பழகுங்கள். வாயால் மட்டும் மூச்சு விடுவது முதல் இரண்டு நிமிடம் பதற்றமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

முகமூடிக் கண்ணாடி பொருந்துகிறதா என்று பார்க்க, பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் அளவு. மீசை வைத்தவர்களுக்கு மேலுதட்டு ஓரம் தண்ணீர் கசியும். மீசையில் கொஞ்சம் வாசலின் தடவினால் குறையும். கண்ணாடி பனி பிடிக்காமலிருக்க உள்பக்கம் எச்சிலைத் தேய்த்துக் கடல் தண்ணீரில் ஒருமுறை அலசினால் போதும்.

படகிலிருந்து குதிக்காமல் ஏணி வழியாக இறங்குங்கள். படகோட்டியிடம் மிதவை வளையம் கேட்டு, அதைக் கயிற்றால் படகோடு கட்டச் சொல்லி, வளையத்தைப் பிடித்துக்கொண்டே பாருங்கள். பவளத்தைக் கொறிக்கும் கிளி மீன், கோடு போட்ட சின்ன மீன்களின் கூட்டம், கடல் சாமந்திக்குள் ஒளியும் கோமாளி மீன் எல்லாம் தெரியும். களைத்தாலும் பவளத்தின்மேல் நிற்காதீர்கள். அது உயிருள்ளது, நம் எடையில் உடைந்துவிடும். போதாததற்குப் பாறை இடுக்கில் நீண்ட முள்ளோடு கடல் முள்ளெலிகள் இருக்கும். களைப்பானால் மல்லாந்து படுங்கள், ஜாக்கெட் தாங்கிக்கொள்ளும். குழந்தைகளை ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவர் கையில் கேமரா இருக்கக் கூடாது.

ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். வினிகரை அரை நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஊற்றுங்கள். தாய்லாந்தின் பல கரைகளில் இதற்காகவே வினிகர் பாட்டில் மாட்டிய கம்பம் நட்டிருப்பார்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சில் இறுக்கமோ வந்தால் உடனே 1669, அதுதான் ஆம்புலன்ஸ். சுற்றுலாப் போலீஸ் 1155.

வெயில் ஏறியதும் பிலே

பிலே, பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும், குளம் போன்ற கடல்நீர்ப் பகுதி. சூரியன் மேலே ஏறினால்தான் உள்ளே வெளிச்சம் விழும், தண்ணீர் அந்தப் பச்சை நிறத்தைக் காட்டும். அதனால் மாயாவை முதலிலும் பிலேயைப் பிறகும் வைக்கச் சொல்கிறேன். ஒன்பதரை, பத்து மணிக்கு ஏற்றமும் சேர்ந்து அமைந்துவிட்டால் அதைவிட நல்ல நேரம் இல்லை.

இங்கே நீந்தத் தடை இல்லை, ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. சின்ன இடத்தில் பல படகுகள் வருவதும் திரும்புவதுமாக இருக்கும். நீளவால் படகின் சுழலி மறைப்பு இல்லாமல் தண்ணீருக்கு மேலும் கீழும் ஏறி இறங்கும், ஓட்டுகிறவர் கண்ணுக்கு நீரில் இருக்கும் தலை எளிதில் படாது. எனவே உங்கள் படகின் எஞ்சின் நின்ற பிறகே இறங்குங்கள், படகை ஒட்டியே நீந்துங்கள், பாறைச் சுவரைத் தொட்டு வரலாம் என்று குறுக்கே கிளம்பாதீர்கள். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஜாக்கெட் போட்டிருப்பது நீச்சல் தெரிந்தவருக்கும் இங்கே நல்லது. ஜாக்கெட்டோடு மல்லாந்து மிதந்து, மேலே பாறையையும் அதில் தொங்கும் செடிகளையும் பார்த்தபடி இருப்பதுதான் எனக்கு இந்தத் தீவில் மிகப் பிடித்த வேலை.

வெளியே வந்ததும் படகோட்டி வைக்கிங் குகையைக் காட்டுவார். உள்ளே அனுமதி இல்லை. குகைக் கூரையில் உழவாரன் வகைப் பறவைகள் எச்சிலால் கட்டும் கூடுகளை, மூங்கில் சாரம் ஏறி எடுப்பார்கள். சீனச் சூப்புக்காக அவை பெரும் விலைக்குப் போகின்றன. அந்தச் சாரங்களைக் கடலிலிருந்தே பார்க்கலாம்.

திரும்பும் வழியில் குரங்குக் கரையில் நிறுத்தட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்வதே நல்லது. அங்குள்ள குரங்குகள் பையைப் பிடுங்கிக் கடிக்கும், கடித்தால் வெறிநாய்க்கடி ஊசி போட ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குழந்தைகள் மணலில் விளையாட வேண்டுமென்றால் ஃபிஃபி டானுக்கு வடக்கே இருக்கும் மூங்கில் தீவைக் கேளுங்கள். அதற்குக் கூடுதல் நேரமும் பணமும் ஆகும், ஆழமில்லாத வெள்ளை மணல் கரை அதற்குத் தகும்.

சாப்பாடும் திரும்புவதும்

சைவம் சாப்பிடுகிறவர்கள் “ஜே” என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் போதும். மாமிசம், மீன், முட்டை, மீன் சாறு எதுவும் இல்லாத உணவு என்று புரிந்துகொள்வார்கள். வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். வெறுமனே காய்கறிச் சோறு என்று கேட்டால் மீன் சாறு ஊற்றித்தான் வரும், அவர்களுக்கு அது உப்பு மாதிரி. டூர் படகில் மதிய உணவு சேர்ந்திருந்தால் முந்தைய நாளே சொல்லி வையுங்கள். ஃபிஃபி டானில் பூர்வீகமாக வாழ்கிறவர்களில் முஸ்லிம்கள் அதிகம். ஹலால் கடைகள் தாராளமாகக் கிடைக்கும், தெருவுக்குள் நீச்சலுடையோடு நடக்காமல் மேலே ஒரு சட்டை போட்டுக்கொள்வது மரியாதை.

படகுத்துறையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் குளித்து, காதுகளை நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் குழந்தைகளுக்குக் காது வலி வரலாம். தோல் சிவந்திருந்தால் கற்றாழைக் களிம்பு எந்தக் கடையிலும் கிடைக்கும். நிறையத் தண்ணீர் குடியுங்கள். கடலில் மிதக்கும்போது வியர்ப்பது தெரியாது, மாலையில் தலைவலியாக வந்து நிற்கும்.

புக்கெட்டுக்கும் கிராபிக்கும் போகும் கடைசிப் பெரிய படகுகள் பிற்பகல் மூன்று, மூன்றரை வாக்கில் கிளம்பிவிடும். சரியான நேரத்தை முந்தைய நாளே டிக்கெட் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். காற்று எழும்பினால் அந்தப் படகு ரத்தாகவும் கூடும். எனவே ஊர் திரும்பும் விமானத்தை அன்று இரவுக்கு வைக்காமல் மறுநாளைக்கு வையுங்கள்.